கருவி அறிமுக வகுப்பை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் நம் மருத்துவமனையை நடத்திவரும் அறங்காவலர் குழுவினருக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்கு ஆறு நாள் நடந்துவந்த மருத்துவக் கருவி அறிமுக வகுப்பு இனித் தேவையில்லை என்று நீங்கள் முடிவெடுத்து, அதைச் சுற்றறிக்கையாக எல்லா வார்டுகளுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். கருவியை விற்கும் நிறுவனத்தின் ஆள் வந்து செய்துகாட்டும் ஒரு மணி நேர விளக்கமும், கைப்பேசிக்கு அனுப்பப்படும் காணொளிகளும் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆள் பற்றாக்குறை நேரத்தில் புதியவர்களை ஆறு நாள் வகுப்பில் உட்கார வைப்பது வீண் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இந்த முடிவை மாற்றும்படி முதலில் உங்களுக்குத் தனியாகத்தான் எழுதினேன். பரிசீலிக்கப்படும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் வைக்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் நம்பி வருகிற எளிய மக்களுக்கு அச்சம் ஊட்டுவது என் நோக்கமன்று. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வகுப்பைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. மானிட்டர், மருந்தைச் சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் பைபாப், வென்டிலேட்டர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் என்று ஒவ்வொன்றையும் புதிய பிள்ளைகளின் கையில் கொடுத்து, மாட்டவும் கழற்றவும் சொல்லி, வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கி, அது என்னவென்று கண்டுபிடிக்க வைத்து நடத்திய வகுப்பு அது. ஓய்வுக்குப் பிறகும் கூப்பிட்டபோதெல்லாம் போய் நடத்திக் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பு நின்ற பிறகு அந்தப் பிரிவு எப்படி இருக்கிறது என்பதை நான் பிறர் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. கடந்த ஐப்பசி மழையில் என் அக்காவுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி அங்கேதான் சேர்த்தோம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்நாள் முழுவதும் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். பீடி, சிகரெட் தொடாமலே நுரையீரல் கெட்டுப்போன பெண்களில் ஒருவர். பைபாப் முகமூடி மாட்டி, மானிட்டர் இணைத்து, இரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும் அளவான சாச்சுரேஷன் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று மருத்துவர் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதிவிட்டுப் போனார். நான் அட்டெண்டராக வெளியே அமர்ந்திருந்தேன். பார்வை நேரத்தில் உள்ளே போய் நின்றேன்.

இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் கஃப்பும் சாச்சுரேஷன் பார்க்க விரலில் மாட்டும் ப்ரோப்பும் அக்காவின் வலது கையிலேயே இருந்தன. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கஃப் காற்றை நிரப்பிக் கையை இறுக்கும்போது விரலுக்குப் போகும் இரத்தம் நிற்கிறது. ப்ரோப்புக்குத் துடிப்பு கிடைக்காமல் அலாரம் அடிக்கிறது. பணியில் இருந்த பிள்ளை ஒவ்வொரு முறையும் ஓடிவந்து அலாரத்தை அமர்த்திவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடினார். சில மணி நேரத்தில் யாரோ அலாரத்தின் கீழ் எல்லையை மிகவும் தாழ்த்தி வைத்திருந்தார்கள். இரவில் ப்ரோப் சரியாகப் படிந்து 89 என்று காட்டியபோது, 95க்குக் குறைந்தால் ஆபத்து என்று எங்கோ படித்த நினைவில், பைபாப் குழாயில் இணைத்திருந்த ஆக்ஸிஜனை அந்தப் பிள்ளை கூட்டிவிட்டார். எண் 98க்கு ஏறியது. அதே நேரத்தில் முகமூடியின் ஓரத்தில் காற்று கசிவதாகப் பைபாப் கருவி தனியே ஒலித்துக்கொண்டிருந்தது, அதுவும் அமர்த்தப்பட்டது. காலையில் நான் உள்ளே போனபோது மானிட்டரில் எல்லா எண்களும் பார்க்க அழகாக இருந்தன. அக்காவைத் தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார்.

நீண்டகால நுரையீரல் நோயாளிக்கு அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் போனால் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கம் வரும். அந்தத் தேக்கத்தைக் குறைக்கத்தான் பைபாப் மாட்டியிருந்தார்கள். முகமூடி கசிந்ததால் அந்த உதவியும் சரியாகக் கிடைக்கவில்லை. பணி மருத்துவரை அழைத்தேன். அவர் இரத்த வாயுப் பரிசோதனை செய்து, ஆக்ஸிஜனைக் குறைத்து, முகமூடியின் பட்டையைச் சரிசெய்ய வைத்தார். அக்கா தேறி வீடு திரும்பினார். அந்த இரவில் நடந்த ஒவ்வொரு தவறையும் எப்படித் தவிர்ப்பது என்பது நம் ஆறு நாள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கப்பட்டது. கஃப் ஒரு கையில், ப்ரோப் மறு கையில் என்பது முதல் நாள் காலைப் பாடம்.

அந்தப் பிள்ளையை நான் கடிந்துகொள்ளவில்லை. யாரம்மா உனக்கு இந்த மானிட்டரைக் காட்டிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டேன். "கம்பெனிக்காரர் வந்து காட்டினாராம் மேடம், நான் அன்னிக்கு நைட் டூட்டி முடிச்சுட்டுத் தூங்கப் போயிட்டேன்" என்றார். அவர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று யாராவது இந்த மடலைப் படித்து நினைத்தால், அதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. இரவு முழுவதும் உட்காராமல் நின்றவர் அவர். அவருக்குத் தரவேண்டியதைத் தராதவர்கள் நீங்கள்.

சாச்சுரேஷன் எண்ணைப் பற்றி நாங்கள் வகுப்பில் அரை நாள் பேசுவோம். ஒரு விரலில் மாட்டும் கிளிப்பைப் பற்றி அரை நாளா என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அவருக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி, இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை ஒளியால் கணக்கிடும் முயற்சியில் இருந்தார். நாடித் துடிப்பு அந்த அளவீட்டைக் குலைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்புக்குள்ளேயே ஆக்ஸிஜனின் அளவு தெரிகிறது என்று அவர் கண்டதுதான் இன்று உலகம் முழுவதும் விரலில் மாட்டப்படும் இந்தக் கருவியின் தொடக்கம். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும், பெரும்பாலான கருவிகளில் ஏறத்தாழ 660, 940 நானோமீட்டர் அலைநீளங்களில், விரலின் வழியே ஊடுருவுகின்றன. ஒவ்வொரு துடிப்பின்போதும் எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதிலிருந்து எண் கணக்கிடப்படுகிறது. துடிப்பு சரியாகக் கிடைக்காத இடத்தில் கருவி காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. இதைப் புரிந்துகொண்ட செவிலியர் எண்ணைப் பார்க்கும் முன் அதன் அருகில் ஓடும் அலையைப் பார்ப்பார். ப்ரோப் காட்டும் நாடியும் ஈசிஜி காட்டும் இதயத் துடிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குவார் அல்லது காது மடலுக்கு மாற்றுவார். வளைகாப்பு முடிந்து சில நாட்களில் அவசரமாகக் கொண்டுவரப்படும் கர்ப்பிணியின் பத்து விரல்களிலும் மருதாணி கறுத்துச் சிவந்திருக்கும்போது, கால் விரலுக்கு ப்ரோப்பை மாற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றும்.

இன்னும் இரண்டு செய்திகள் அந்த அரை நாளில் உண்டு. ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து வரும்போதும் சாச்சுரேஷன் நெடுநேரம் நன்றாகவே இருக்கும். ஆகவே நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ண வேண்டும். அடுத்தது நம் மக்களின் தோல் நிறம் தொடர்பானது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் இந்தக் கருவி அதைக் காட்டாமல் விட்ட நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கரிசல்காட்டு வெயிலில் உழைத்துக் கறுத்த மக்களைக் கவனிக்கும் நாம் இதைப் புதிய செவிலியரிடம் சொல்லாமல் விடலாமா? விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்லமாட்டார். அது அவருடைய வேலையும் அன்று.

அந்தப் பிரதிநிதிகள் மேல் எனக்குக் குறையில்லை. பொத்தான்கள் எங்கே, பட்டியல் எப்படித் திறக்கும், ரோல் பேப்பர் எப்படி மாற்றுவது என்பதை நன்றாகவே காட்டுகிறார்கள். ஆனால் அவர் காட்டுவது அவருடைய நிறுவனத்தின் கருவியை மட்டும். நம் பிரிவிலோ நன்கொடையாக வந்தது, ஏலத்தில் எடுத்தது, கொரோனா காலத்தில் அவசரமாக வாங்கியது என்று பல நிறுவனங்களின் கருவிகள் அடுத்தடுத்த படுக்கைகளில் நிற்கின்றன. இதயத் துடிப்பைப் பதிய உடலில் ஒட்டும் கம்பிகளான, மானிட்டரின் ஈசிஜி லீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வழக்கப்படி வரும் கேபிளில் வெள்ளை வலது கைக்கும் கறுப்பு இடது கைக்கும் பச்சை வலது காலுக்கும் சிவப்பு இடது காலுக்கும் உரியவை. ஐரோப்பிய வழக்கப்படி வரும் கேபிளில் சிவப்பு வலது கைக்கும் மஞ்சள் இடது கைக்கும் கறுப்பு வலது காலுக்கும் பச்சை இடது காலுக்கும் போகும்; வெள்ளை நெஞ்சுக்குப் போகும். இரண்டு வகையும் நம் ஒரே வார்டில் இருக்கின்றன. ஒரு படுக்கையில் நிறத்தை மனப்பாடம் செய்த பிள்ளை அடுத்த படுக்கையில் அதே நினைவில் ஒட்டினால், திரையில் அலை தலைகீழாக ஓடும். இல்லாத நோய்க்கு ஈசிஜி எடுப்பார்கள், இருக்கிற மாற்றத்தைத் தவற விடுவார்கள். கேபிளின் முனையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து ஒட்டு, நிறத்தை நம்பாதே என்று நாங்கள் இரண்டு கேபிள்களையும் மேசையில் பரப்பி வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். இதை எந்த நிறுவனத்தின் காணொளியில் காட்டுவார்கள்?

அலாரம் குறித்து நான் சொல்வதை முதிய செவிலியின் பழங்கவலை என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தன்னிடம் பதிவான அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 பேர் இறந்ததை அது அதில் தெரிவித்தது. ஓயாமல் ஒலிக்கும் அலாரத்துக்குக் காது மரத்துப்போவதும், எல்லைகளை நோயாளிக்கேற்ப அமைக்காததும், பணியாளருக்குக் கருவிப் பயிற்சி போதாததும் அதில் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வசதியும் ஆட்களும் நம்மைவிட மிகுந்த நாட்டில் பதிவான கணக்கு இது. நம் பிரிவில் ஒரு இரவில் எத்தனை அலாரம் அடிக்கிறது, எத்தனை அமர்த்தப்படுகிறது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கமே இல்லை.

கண்காணிக்கும் கருவியில் நேரும் பிழையை, நோயாளியை நேரில் பார்த்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். சிகிச்சை தரும் கருவியில் நேரும் பிழை நேராக உடலுக்குள் போகிறது. சிரிஞ்ச் பம்ப்பில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து ஓடுகிறது. குழாய் மடங்கியதாலோ மும்முனை வால்வு மூடியிருப்பதாலோ அடைப்பு அலாரம் அடிக்கிறது. அடைப்பை அப்படியே திறந்துவிட்டால், குழாயில் அழுத்தம் ஏறித் தேங்கிய மருந்து ஒரே வீச்சில் உள்ளே போய் இரத்த அழுத்தம் எகிறும். முதலில் அந்த அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சிரிஞ்ச் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பம்ப்பில் தவறாகத் தேர்ந்தெடுத்தால், குழலின் விட்டம் மாறுவதால் ஓடும் அளவும் மாறும். திரையில் மட்டும் சரியான எண் தெரியும். டிஃபிப்ரிலேட்டரில் இதயத் துடிப்போடு இசைந்து அதிர்ச்சி கொடுக்கும் 'சிங்க்' முறையைப் பயன்படுத்திய பிறகு, சில கருவிகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும், சில திரும்பாது. திரும்பாத கருவியை அப்படியே விட்டுவைத்து, அடுத்த நோயாளியின் இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், இல்லாத துடிப்புக்காகக் கருவி காத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்துக் காணொளி பார்க்க முடியாது.

வென்டிலேட்டர் பாடத்தில் நாங்கள் கடைசியாகச் சொல்வது, கருவி நின்றால் என்ன செய்வது என்பதை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது கருவிகள் போதாமல், மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு கையால் பையை அழுத்தியே நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இன்றும் ஒவ்வொரு வென்டிலேட்டர் படுக்கையின் தலைமாட்டிலும் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையான ஆம்பு பேக் (Ambu bag) தொங்க வேண்டும் என்பது அதனால்தான். 2019 மே மாதத்தில் மழையோடு மின்சாரம் தடைப்பட்ட ஒரு மாலையில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்ததாக வந்த செய்தியை மதுரை மறந்திருக்காது. அந்த இறப்புகளுக்கு எது காரணம் என்பதில் கருத்துகள் வேறுபட்டன. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. மின்சாரம் போன அந்தக் கணத்தில் பணியில் இருப்பவரின் கை எங்கே போக வேண்டும் என்பது மட்டும் பழகியிருக்க வேண்டும். பையை எடுத்து, அதன் முகமூடியைக் கழற்றி, நோயாளியின் மூச்சுக்குழாயில் உள்ள குழாயோடு பொருத்தி, நெஞ்சு உயர்கிறதா என்று பார்த்து அழுத்துவதைப் பொம்மையின் மேல் பலமுறை செய்தால்தான் அது கைக்கு வரும்.

வகுப்பின் கடைசி நாள் பிற்பகலை நீங்கள் மறந்தே போனீர்கள் என்று நினைக்கிறேன். சுற்றறிக்கையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டுக்குக் கருவியோடு அனுப்பப்படும் நோயாளிகளின் குடும்பத்தாரையும் அன்று உட்கார வைத்தோம். புதிய செவிலியர்களே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாங்கள் பின்னால் நின்று கேட்போம். அந்தப் பிற்பகலும் இப்போது இல்லை. அக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கச் சொன்னார்கள். மருந்துச் சீட்டோடு ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அக்கா மகனுக்கு நான் இருந்தேன். அதே வாரத்தில் வீட்டுக்குப் போன சோழவந்தான் பக்கத்துப் பெரியவருக்கு யாருமில்லை. அவர் வீட்டார் கேட்டுக்கொண்டதால் போய்ப் பார்த்தேன். ஈரப்பதமூட்டும் பாட்டிலில் போர்வெல் தண்ணீர் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. கருவியின் பின்புறக் காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக் கிடந்தது. கருவி சுவரை ஒட்டி வைக்கப்பட்டு அனலாகக் கொதித்தது. எண் 98 வரவேண்டும் என்று மகன் ஆக்ஸிஜன் ஓட்டத்தை நிமிடத்துக்கு 2 லிட்டரிலிருந்து 5க்கு ஏற்றி வைத்திருந்தார். மூக்குக் குழாயோடு படுத்திருந்த அவருக்கு ஓரடி தூரத்தில் சாமி படத்துக்கு விளக்கு எரிந்தது.

அந்த மகன் அக்கறை இல்லாதவர் அல்லர். நிலத்தை அடகு வைத்துக் கருவி வாங்கியவர். அறையின் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்ஸிஜனைச் செறிவாக்கித் தரும் கருவி அது. வடிகட்டி அடைத்தால் தரம் குறையும், வாரம் ஒருமுறை கழுவி உலர்த்த வேண்டும், பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், ஓட்டத்தை மருத்துவர் எழுதிய அளவுக்கு மேல் கூட்டக்கூடாது, விளக்கும் சாம்பிராணியும் அடுப்பும் அந்த அறையில் கூடாது, மின்சாரம் போனால் மாற்றாக ஒரு சிறு சிலிண்டர் வேண்டும். இவ்வளவையும் உட்கார வைத்துச் சொல்ல ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை அவருக்குக் கொடுக்காமல் நாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

செலவு என்று சொல்கிறீர்கள். வகுப்புக்கு வெளியாள் எவரும் வரவில்லை. பாடம் எடுத்தவர்கள் நம் செவிலியர்களும் மயக்க மருந்து மருத்துவரும் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியனும். பயன்படுத்தியவை ஒதுக்கிவைத்த பழைய மானிட்டரும் காலாவதியான சிரிஞ்சுகளும். புதியவர்கள் ஆறு நாள் வார்டுக்கு வராதது மட்டுமே உண்மையான செலவு. அந்த டெக்னீஷியனும் விலகிப்போன பிறகு அவருடைய இடத்தை நிரப்பவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மானிட்டரின் பேட்டரி ஊதிப்போயிருப்பதும், கஃப்பின் ரப்பர் கசிவதும், டிஃபிப்ரிலேட்டரின் அன்றாடச் சோதனைப் பதிவேடு வெறுமையாக இருப்பதும் அவர் இருந்தவரை நடக்கவில்லை.

பயிற்சியில் செலவழித்து வளர்ந்த மருத்துவமனைக்கு நாம் வெளியூர் தேடிப் போக வேண்டியதில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதே மதுரையில்தான் இருக்கிறது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, அவர்கள் கையில் கருவிகளை ஒப்படைத்துத்தான் அது இவ்வளவு பேருக்குப் பார்வை கொடுத்தது. அந்தக் குடும்பத்திலிருந்தே 1992இல் ஆரோலேப் தோன்றி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து விலையைக் குறைத்தது. இரண்டு ஆண்டு பயிற்சியை ஏழை நோயாளிகளின் பொருட்டே ஓர் அமைப்பு தாங்க முடிந்த ஊரில், ஆறு நாளை நம்மால் தாங்க முடியாது என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க மறுக்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. வகுப்பை நிறுத்திய சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள். ஆறு நாளும் சேர்ந்தாற்போல் முடியாதென்றால் மூன்று மூன்று நாளாகப் பிரித்து நடத்துங்கள். நாட்களைக் குறைக்க வேண்டாம். வகுப்பை முடித்து, மூத்த செவிலியர் ஒருவர் முன்னிலையில் ஒவ்வொரு கருவியையும் இயக்கிக் காட்டாத எவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணியில் தனியே நிறுத்த வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் சேர்ந்து, வகுப்பு கிடைக்காமல் இப்போது வார்டில் இருக்கிற பிள்ளைகளை முதல் அணியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மீது எந்த விசாரணையும் கூடாது.

நிறுவனத்தின் செய்முறை விளக்கம் தொடரட்டும். ஆனால் மூன்று ஷிஃப்டுக்கும் தனித்தனியே நடக்க வேண்டும், வந்தவர்களின் கையெழுத்தோடு வராதவர்களின் பட்டியலும் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கருவியிலும், அதன் முக்கிய அலாரங்கள் எவை, அடித்தால் முதலில் எதைப் பார்ப்பது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தொங்கவிடுங்கள். ஒரு வார்டில் ஒரே நிற வழக்கமுள்ள ஈசிஜி கேபிள்கள் மட்டும் இருக்குமாறு மாற்றி அடுக்குவதற்குப் பணம்கூட வேண்டியதில்லை. அலாரத்தின் எல்லைகளை மருத்துவரின் குறிப்போடு கேஸ் ஷீட்டில் எழுதி, மாற்றியவரின் பெயரும் நேரமும் பதியப்பட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அதையும் ஒப்படைக்க வேண்டும்.

பயோமெடிக்கல் டெக்னீஷியன் பணியிடத்தை நிரப்புங்கள். கருவியால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தாலோ நேரவிருந்து தப்பினாலோ அதை எழுதிவைக்கவும், 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய மருத்துவக் கருவி விழிப்புத் திட்டமான மெட்டீரியோவிஜிலன்ஸுக்குத் தெரிவிக்கவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்தத் திட்டத்தில் செவிலியரும் அறிக்கை அனுப்பலாம் என்பதே நம் பிரிவில் பலருக்குத் தெரியாது. என் அக்காவின் இரவு குறித்த பதிவை முதல் பதிவாக நானே எழுதித் தருகிறேன்.

குடும்பத்தாருக்கான பிற்பகல் வகுப்பை வாரந்தோறும் நடத்துங்கள். ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரோ பைபாப்போ நெபுலைசரோ வீட்டுக்கு எடுத்துச்செல்லும் எந்தக் குடும்பமும் அந்த வகுப்பில் உட்காராமல் டிஸ்சார்ஜ் ஆகக்கூடாது. கடந்த மாதங்களில் அப்படி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலை எடுத்து, கைப்பேசியில் அழைத்து, ஓட்டம் எவ்வளவு, பாட்டிலில் என்ன தண்ணீர், அறையில் விளக்கு எரிகிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

பாடம் எடுக்க நான் வருகிறேன். ஊதியமோ பயணப்படியோ வேண்டாம். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற வேறு சிலரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். புதிய அணி தைப் பொங்கலுக்குப் பிறகு சேரவிருக்கிறது என்று அறிகிறேன். அதற்கு முன், மேலே கேட்டவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலையும் இந்த மடலைப் போலவே பொதுவில் வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறுப்புச் செவிலியர்,
தீவிர சிகிச்சைப் பிரிவு,
மதுரை.